யாருடைய ஐந்து மணி

ரயில் எதனால் ஓடுகிறது என்று டிரைவரைக் கேட்டால் இன்ஜினால் என்பார். அட்டவணைக்காரரைக் கேட்டால் பென்சிலால் என்பார். அவர் சொல்வதிலும் பொய்யில்லை. கால அட்டவணைப் பிரிவின் மாடி அறையில், கட்டில் அகலத்துக்கு ஒரு மேஜை கிடந்தது. அதன்மேல் விரித்துப்போட்ட சார்ட்டில்தான் எந்த ரயிலும் முதன்முதலில் ஓடும். தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக நிலையங்களின் பெயர்கள். மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக மணிகள். ரயில் என்பது அந்தத் தாளில் ஒரு சாய்ந்த கோடு, அவ்வளவுதான். அவசரக்கார ரயில் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். சோம்பேறி ரயில் படுத்தவாக்கில் ஊர்ந்து போகும். நிலையத்தில் நிற்கிற ரயில் கொஞ்ச தூரம் தட்டையாகக் கிடந்துவிட்டு மறுபடி எழுந்து நடக்கும். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு கோடுகள் நடுவழியில் வெட்டிக்கொண்டால் மோதல் என்று அர்த்தம். ரப்பரை எடுத்து அழித்துவிடலாம். உலகத்தில் விபத்தை இவ்வளவு சுலபமாகத் தடுக்கிற வேலை வேறு கிடையாது என்று அவருக்கு உள்ளூர ஒரு மிதப்பு.

கோடு போட்டால் ரோடே போட்டுவிடுவான் என்று கெட்டிக்காரர்களைச் சொல்வார்கள். இவர் போட்ட கோட்டில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் ஏறி உட்கார்ந்து, ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டு, தூங்கி, விழித்து, ஊர் போய்ச் சேர்ந்தார்கள். யாருக்கும் அவரைத் தெரியாது. அதிலும் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்தச் சார்ட்டில் அவர் கை படாத கோடுகள் ஒரு வகைதான். ஒவ்வொரு மணிக்கும் மேலிருந்து கீழே நேராக இறங்குகிற வெளிர் நீலக் கோடுகள். அவை அச்சகத்திலிருந்தே தாளோடு வரும். ஐந்து மணிக் கோட்டின் மேல் விரலை வைத்து மெல்லக் கீழே இழுத்தால், ஐந்து மணிக்கு எந்த ரயில் எந்த ஊரில் இருக்கும் என்று வரிசையாகத் தெரியும். அந்தப் பிரிவில் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடமே இதுதான்: கறுப்புக் கோட்டை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்று, நீலக் கோட்டில் கை வைக்காதே.

அவருடைய மனைவி பயணிகள் கப்பலில் நர்ஸ். பல மாதங்கள் கடலில் இருப்பாள், சில வாரங்கள் வீட்டில் இருப்பாள். பிள்ளைகள் இல்லை. கல்யாணமான புதிதில், அவள் முதல் பயணம் கிளம்பியபோது, அவளிடம் ஒரு சின்னக் கைக்கடிகாரத்தைக் கொடுத்தார். கப்பல் கிழக்கே மேற்கே போகப் போக அதன் கடிகாரங்களை மாற்றி மாற்றி வைப்பார்கள் என்பது நேரத்தைத் தின்று நேரத்தையே குடிக்கிற மனிதருக்குத் தெரியாதா? அதனால் இந்தக் கடிகாரம் மட்டும் எப்போதும் வீட்டு நேரத்தையே காட்ட வேண்டும். அதில் மாலை ஐந்து ஆகும்போது அவள் எந்தக் கடலில் இருந்தாலும் ஒரு டீ குடிக்க வேண்டும். அதே ஐந்துக்கு இவர் இங்கே குடிப்பார். நடுக்கடலில் ஃபோன் கிடைக்காத நாட்களில் இது போதும் என்று பேச்சு.

அன்றிலிருந்து அவர் ஒரு நாள் தவறியதில்லை. ஐந்தடித்தால் பென்சில் கீழே இருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தாலும் சரி, மேலதிகாரியே வந்து நின்றாலும் சரி, டம்ளரைக் கையில் எடுத்துவிடுவார். அந்த நேரத்தில் யாராவது அவரைத் தேடி வந்தால், ஐயா இப்போது கடலில் இருக்கிறார் என்று பக்கத்து மேஜைக்காரர் சொல்லி அனுப்புவார். கிண்டல்தான், ஆனால் அச்சு அசலான உண்மை. முதல் மடக்கு தொண்டையில் இறங்கும்போது, தாளிலிருந்த ஐந்து மணிக் கோடு விளிம்பைத் தாண்டி நீளும். சுவரைக் கடக்கும். கூரைகளின் மேலும் மொட்டைமாடிக் கொடிகளில் காயும் துணிகளின் மேலும் போகும். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்கு மேலாகக் கடலில் இறங்கி, அலையில் நனையாமல் நெடுந்தூரம் போய், வெள்ளைப் பெயின்ட் அடித்த ஒரு சின்ன அறையில் முடியும். அங்கே அவள் டம்ளரைத் தூக்குவாள். இப்போது, இதோ, இப்போது. அந்த நீலக் கோட்டின் மேல்தான் அவர் இத்தனை வருஷமும் குடித்தனம் நடத்தினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டவன் மைத்துனன். மனைவியின் தம்பி, கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர், இன்னும் கல்யாணம் ஆகாதவன். விடுமுறை நாட்களில் அத்தான் வீட்டுக்குச் சாப்பிட வருவான். அத்தான் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிடுவான். ஒரு நாள் புத்தகத்தை விரித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அத்தான், உங்க சார்ட்டைத் திருடி எவனோ புத்தகம் போட்டுட்டான், பாருங்க."

சார்பியல் கோட்பாட்டைப் பற்றிய புத்தகம் அது. பார்த்தால் அவருடைய சார்ட்டேதான். ஒரு பக்கம் இடம், ஒரு பக்கம் நேரம், நடுவே சாய்ந்த கோடாக ஒரு ரயில். அட்டவணைக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை நாம் தினமும் ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருக்கிறோமே என்று பக்கத்தைத் தடவிக் கொடுத்தார். அப்போதுதான் நீலக் கோடுகளைக் கவனித்தார். ரயிலில் இருப்பவருக்கான நேரக் கோடுகள் என்று புத்தகம் சிலவற்றைப் புள்ளிபுள்ளியாகப் போட்டிருந்தது. அவை நேராக இறங்கவில்லை. சாய்ந்திருந்தன.

அச்சுப் பிழையா என்று கேட்டார். இல்லை, நகர்கிறவருக்கு 'ஒரே நேரம்' என்பது அப்படித்தான் சாயும் என்றான் மைத்துனன். நிற்கிறவர் ஒரே நேரத்தில் நடந்தவை என்று சொல்லும் இரண்டு சம்பவங்கள், அவை தள்ளித்தள்ளி நடந்திருந்தால், நகர்கிறவருக்கு முன்பின்னாகத்தான் நடந்திருக்கும். இரண்டு பேர் கணக்கும் சரிதான். இதைச் சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

அட்டவணைக்காரர் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "அப்ப உங்கக்கா கப்பல்ல டீ குடிக்கிறதும் நான் இங்க குடிக்கிறதும்?"

"எல்லாருக்கும் பொதுவா ஒரே நேரம்னு ஒண்ணு கிடையாது அத்தான். உங்க 'இப்ப' உங்களுக்கு, அவங்க 'இப்ப' அவங்களுக்கு."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து மைத்துனனுக்கே சங்கடமாகிவிட்டது. கப்பல் வேகத்துக்கு அந்தச் சாய்வு ஒன்றுமே இல்லை, ஒரு நொடியைக் கோடியாகக் கிழித்து அதில் ஒரு கிழிசலை மறுபடி நூறாகக் கிழித்தால் எவ்வளவோ அவ்வளவுதான் வரும் என்று சமாதானம் சொன்னான். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

"லேசா உடைஞ்ச பானைன்னு ஒண்ணு உண்டா மச்சான்? உடைஞ்சா உடைஞ்சதுதானே."

அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் டம்ளரை எடுத்தபோது நீலக் கோடு சுவர் வரைக்கும்தான் போனது. சுவரில் முட்டி, காற்றில் ஆடுகிற கயிறு மாதிரி ஒரு பக்கமாக விலகியது. அவள் அறையை அது தொடவில்லை. அடிமடியிலேயே கை வைத்துவிட்டான் பாவி என்று மைத்துனனை வைதார். எழுதியவனையும் சேர்த்து வைதார். பிறகு, வைவதால் எந்தக் கோடும் நிமிராது என்று புரிந்து, மறுநாளே நூலகத்துக்குப் போனார்.

அடுத்த சில மாதங்கள் அவருக்குக் கனவுபோலக் கழிந்தன. அரைகுறையாகப் படித்துவிட்டு மேதைகளைத் திட்டுகிற ஆள் அல்ல அவர். பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன வர்க்கமூலத்தை மறுபடி தேடிப் பிடித்தார். சூத்திரங்களை ஒவ்வொரு படியாகக் கையில் போட்டுப் பார்த்தார். நிலையத்தின் நேரத்திலிருந்து ரயிலின் நேரத்தைக் கண்டுபிடிக்க, சம்பவம் எந்த இடத்தில் நடந்தது என்பதையும் அதற்குள் போட்டுக் கழிக்கச் சொன்னது ஒரு சூத்திரம். நேரத்துக்குள் இடத்தைக் கலப்பதா? பாலில் தண்ணீர் கலக்கிறவன்கூட வெளியே சொல்லிக்கொண்டு கலப்பதில்லையே என்று அவருக்கு ஆத்திரம். தெருவில் நடக்கும்போது, எதிரே வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சாய்வில் ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு வருவதாகத் தெரிந்தது. சைக்கிள்காரன் கோடு கொஞ்சம் சாய்ந்திருந்தது, பஸ் கோடு இன்னும் கொஞ்சம். பூட்டிய கடைவாசலில் படுத்திருந்த நாய் ஒன்றுக்குத்தான் நேராக இருந்தது. அதன் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டுப் போவார்.

கடைசியில் ஒரு நாள் பிடித்துவிட்டார்.

அலுவலகச் சார்ட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்து மேஜையில் விரித்தார். நீண்ட ரயில் ஒன்று. அதன் நட்டநடுவில் ஒரு விளக்கு. விளக்கைப் போட்டதும் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஓடிப்போய் முன்கதவையும் பின்கதவையும் தொடும்; தொட்டதும் கதவு திறக்கும். ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கும் என்றது புத்தகம். சரி. நடைமேடையில் நிற்பவருக்கோ, பின்கதவு வெளிச்சத்தை நோக்கி ஓடி வருவதால் அது முன்னால் திறக்கும், முன்கதவு கொஞ்சம் பிந்தித் திறக்கும் என்றது. அதுவும் சரி. முன்கதவு திறக்கிற அந்த வினாடியில் பின்கதவு என்ன செய்துகொண்டிருக்கும்? நடைமேடைக்காரர் கணக்குப்படி, எப்போதோ திறந்து, யாரோ ஒருவர் இறங்கிக்கொண்டிருப்பார்.

இப்போது பாருங்கள். பின்கதவு திறந்ததும் முன்கதவு திறந்ததும் ஒரே நேரம். முன்கதவு திறந்ததும் பின்கதவு வழியாக ஆள் இறங்கியதும் ஒரே நேரம். ஒன்றுக்குச் சமமானவை தங்களுக்குள்ளும் சமம் என்பது கணிதத்தின் அரிச்சுவடி. அப்படியென்றால் பின்கதவு திறந்ததும், அது திறந்து கொஞ்சம் கழித்து அதே கதவில் ஆள் இறங்கியதும் ஒரே நேரம். திறக்காத கதவில் ஆள் இறங்கினானா? அஸ்திவாரத்திலேயே ஓட்டை. பென்சிலை வைத்துவிட்டு, ஆளில்லாத வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மைத்துனன் வந்து சார்ட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கோட்டில் தப்பில்லை, கணக்கிலும் தப்பில்லை என்றான். ஆனால் முதல் 'ஒரே நேரம்' ரயில்காரருடையது, இரண்டாவது நடைமேடைக்காரருடையது, ஒருவருடையதை இன்னொருவருடையதோடு முடிச்சுப் போடக்கூடாது என்று சொல்லிப் பார்த்தான்.

"சமம்னா சமம் மச்சான். அதுக்கு ஆளுக்கொரு சொந்தக்காரனா இருப்பான்?"

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவரிடம் என்ன பேசுவது? மைத்துனன் தலையைச் சொறிந்தான். பிறகு, பாதி குறும்பும் பாதி மரியாதையுமாக, கல்லூரி அறிவியல் மன்றத்தில் வந்து இதைப் பேசுங்கள், பையன்கள் மோதிப் பார்க்கட்டும் என்றான். நோட்டீஸ் ஒட்டினார்கள். நாள் குறித்தபோது கப்பலிலிருந்தும் செய்தி வந்தது. இது அவளுடைய கடைசிப் பயணம். கூட்டத்துக்கு முந்தின நாள் வந்து சேர்கிறாள், இனிமேல் கடல் கிடையாது. அட்டவணைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் எதிரிலேயே அந்தக் கோட்டை நிமிர்த்திக் காட்டலாம். இத்தனை வருஷமும் நாம் சேர்ந்துதான் குடித்தோம் என்று, ஊர் சாட்சியாக.

அவள் வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், நடையில் இன்னும் கப்பல் இருந்தது. பெட்டியை வைத்துவிட்டு வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, பயணம் முழுக்க ராத்திரி டூட்டி, பகலெல்லாம் எனக்கு ராத்திரிதான் என்று சொல்லிப் படுத்தவள் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். அவர் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தார். ஐந்து மணியை எதிர்பார்த்து அவர் இவ்வளவு தவித்ததில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில், சந்தேகத்துக்கு இடமில்லாத ஐந்து மணி. இரண்டு டம்ளர்களில் டீயை ஊற்றிக்கொண்டு போய் அவளை எழுப்பினார்.

அவள் எழுந்து உட்கார்ந்து டம்ளரைப் பார்த்தாள். இப்போது இறங்காது, வயிறு ஒப்பவில்லை என்றாள். அஞ்சு மணி ஆகிறதே என்றார் அவர். ஆகட்டும் என்றாள் அவள், தூக்கக் கலக்கத்தில், அது ஏதோ தெருவில் போகிற பஸ் மாதிரி.

அவருக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல் அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போய்ச் சார்ட்டைக் காட்டினார். விளக்கு, கதவு, இறங்குகிற ஆள் என்று ஒன்று விடாமல் சொன்னார். தம்பி வந்து குடும்பத்தில் கல் எறிந்ததையும், தான் அதை எடுத்து அவன் புத்தகத்தின் மேலேயே போட்டதையும் சொன்னார். ஐந்து மணிக் கோட்டின் மேல் விரலை வைத்து, தாளுக்கு வெளியே, மேஜைக்கு வெளியே, அவள் நின்ற இடம் வரைக்கும் காற்றில் இழுத்துக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இதற்காகவா இத்தனை மாசமும் என்று கேட்டாள். இதற்காகத்தான் என்றார். அவள் கண் கலங்கியதைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

"என்னங்க, அந்த வாட்ச் மூணாவது பயணத்துலயே போயிடுச்சு. ஏப்ரன் பாக்கெட்டோட துணி துவைக்கிற மெஷின்ல போட்டுட்டேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. வேறு வாங்கினாயா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். கொஞ்ச நாள் கப்பல் கடிகாரத்தில் ஐந்தடிக்கும்போது குடித்திருக்கிறாள். ஆனால் கப்பலின் ஐந்து மணிக்குத்தான் மயக்கம், வாந்தி, மாடிப்படியில் வழுக்கினவர் என்று வரிசையாக வருவார்கள். அப்புறம் ஏழு மணிக்கு, காலை பத்துக்கு, சில பயணங்களில் விடியற்காலை மூன்று மணிக்கு. வார்டு எப்போது அடங்குகிறதோ அப்போது.

"நான் எப்ப டீயை எடுத்து உக்காந்தேனோ, அதுக்கு அஞ்சு மணின்னு பேர் வச்சுக்கிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க விட்டுடுவீங்களே."

அட்டவணைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோபம் வந்தது. அவள்மேல் வந்த கோபம் போதாமல், கப்பலின்மேல், துவைக்கிற மெஷினின்மேல், வாந்தி எடுத்தவர்களின்மேல் எல்லாம் வந்தது. புத்தகம் கொண்டுபோனது நொடியின் கிழிசலில் கிழிசலை. இவள் கொண்டுபோனது முழு முழு ராத்திரிகளை. இத்தனை வருஷமாக அவர் நீட்டிய கோடு போய்ச் சேர்ந்த வெள்ளை அறையில் யாருமே இருந்ததில்லை. அவள் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள், அல்லது அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் யார்கூட குடிச்சேன்?"

"ஒரு நாளாவது விட்டீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல."

"நானும் விடல."

அதற்கு மேல் அவளால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் சார்ட்டின் முன்னால் நின்றார். கை சும்மா இருக்காத மனிதர் என்பதால் பென்சிலை எடுத்தார். தாளின் ஓரத்தில் அவளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி, அவள் சொன்ன நேரங்களில் புள்ளி வைத்தார். ஏழில் ஒன்று, பத்தில் ஒன்று, மூன்றில் ஒன்று. தன்னுடைய புள்ளிகளை ஐந்தில் வைத்தார். இரண்டையும் சேர்க்கப் பார்த்தால் எந்த நீலக் கோடும் உதவவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சாய்ந்த கோடு தேவைப்பட்டது. ஒன்றைப் போட்டார். நீலக் கோடுகளுக்குக் குறுக்கே அது கூசாமல் போனது. அந்தப் புத்தகத்தில் பார்த்த புள்ளிக்கோடு போலவே இருந்தது.

இந்த நீலக் கோடு மட்டும் யார் போட்டது என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. அச்சகம் போட்டது. அச்சகத்துக்கு யார் சொன்னது? தலைமை நிலையத்தின் கடிகாரம். அசையாமல் சுவரில் தொங்குகிற ஒரு கடிகாரம் தன்னுடைய ஐந்து மணியை எடுத்து எல்லா ஊர்களின் மேலும், எல்லா ரயில்களின் மேலும் இழுத்துவிட்டிருக்கிறது. தாளோடு வந்ததால் அது தாளின் குணம் என்று அவர் நினைத்துவிட்டார். யாருடையதும் அல்லாத கோடு என்று நினைத்துவிட்டார். ரயிலில் இருந்தவரின் 'ஒரே நேரத்தை'க்கூட இந்தக் கோட்டின் மேல்தான் தூக்கி வைத்திருந்தார். நிற்கிறவன் கோட்டில் ஓடுகிறவன் நேரத்தை. சமத்துக்குச் சொந்தக்காரன் இருந்தான். மைத்துனன் வாய் வலிக்கச் சொன்னது அதைத்தான். கோட்டில் தப்பில்லை, கணக்கிலும் தப்பில்லை. தப்பு, அவர் போடாத கோடுகளில் இருந்தது.

பொழுது சாய்கிறவரை அப்படியே நின்றார். நிரூபணம் போனதைவிட இன்னொன்று அவரை உறுத்தியது. அவள் விடியற்காலை மூன்று மணிக்கு, கால் கடுக்க நின்றுவிட்டு வந்து, டம்ளரை எடுத்து, இது ஐந்து மணி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை அவரால் இப்போது பார்க்க முடிந்தது. அவள் தன் கோட்டைச் சாய்த்து அவரிடம் வந்திருக்கிறாள், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாய்வில். அவர் ஒரு நாளும் சாயவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவே, கல்யாணத்தன்றுகூட வராத ஒரு பிரியமும் அவள்மேல் வந்தது.

மறுநாள் மைத்துனன் அழைத்துப்போக வந்தபோது விஷயத்தைச் சொன்னார். அவன் பதறிப்போய், கூட்டத்தை ரத்து செய்துவிடலாம், உடம்பு சரியில்லை என்று நோட்டீஸ் ஒட்டச் சொல்கிறேன் என்றான். அவர் சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வா போகலாம் என்றார். நானும் வருவேன் என்று மனைவியும் கிளம்பினாள். சிவந்த கண்ணும் கலைந்த தலையுமாக இருந்தாள், ஆனால் படுத்துக்கொள் என்று சொல்லியும் கேட்கவில்லை.

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கல்லூரிக் கூடத்தின் தரையில் நீட்டிப் போட்டிருந்தது. மின்விசிறிகள் ஓடின. பெஞ்சுகள் நிறைந்துவிட்டன, ரயில்வேக்காரர் ஒருவர் பெரிய கோட்பாட்டைக் கவிழ்க்கப்போகிறார் என்றால் யாருக்குத்தான் வர ஆசை இருக்காது? அவர் சார்ட்டைக் கரும்பலகையில் மாட்டி, மைக்கில் பேசினார். முதலில் தன் வாதத்தை ஒரு பிசிறு இல்லாமல், அதை நம்பிய நாட்களில் எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படியே சொன்னார். திறக்காத கதவில் ஆள் இறங்கிய இடம் வந்தபோது பையன்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி எழுந்து நின்றே கணக்குப் போட்டாள். எங்கே தப்பு என்று கேட்டார். அவர் நீலக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். இதை நான் போடவில்லை என்றார். யார் போட்டார்கள் என்று இத்தனை வருஷமும் கேட்காதது என் தப்பு, புத்தகத்தில் தப்பு இல்லை என்றார். கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சிலருக்கு ஏமாற்றம், கவிழ்ப்பதைப் பார்க்க வந்தவர்கள்.

கணக்குப் போட்டவள் கையைத் தூக்கினாள். "அப்ப எல்லாருக்கும் பொதுவா 'இப்ப'ன்னு ஒண்ணு இல்லவே இல்லையா சார்? ரெண்டு பேர் தூரதூரமா இருந்தா, அவங்க ஒண்ணா இருக்காங்கன்னு எப்படித்தான் சொல்றது?"

கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதிலை வழியெல்லாம் யோசித்து, அழகான இரண்டு வாக்கியங்களாகச் செய்து வைத்திருந்தார். சொல்லப்போகும் முன் முன்வரிசையைப் பார்த்தார். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை தம்பியின் தோளில் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அக்காவைப் பற்றித்தான் பேச்சு வரப்போகிறது என்று மைத்துனனுக்குத் தெரியும். அவள் கையைத் தொட்டு உலுக்கப்போனான்.

அட்டவணைக்காரர் மைக்கிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டார்.

"எழுப்பாத மச்சான். அவளுக்கு இப்ப நடுராத்திரி."

பிறகு மைக்கை அணைத்துவிட்டு, கூடத்தைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தார். பையன்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெயில் அடித்துக்கொண்டிருந்த வாசல் வழியாக ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.